வெற்றிடத்தைச் சூழும் இரும்பு

நம் ஆலயங்களில் புதிதாக ஒரு சுரூபம் வந்து இறங்கினால் மக்கள் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். முகத்தில் அருள் தெரிகிறதா, கண்கள் நம்மை நோக்குகின்றனவா, கையில் இருப்பது லீலி மலரா திறவுகோலா என்று பார்த்து, இவர் சூசையப்பர், இவர் இராயப்பர் என்று தெளிந்த பிறகே கைகள் குவிகின்றன. இதில் குறைகாண ஒன்றுமில்லை. அன்பு முகத்தைத் தேடுவது இயல்பு. ஆனால் முகமும் கைகால்களும் இல்லாத, எந்தப் பொருளின் சாயலும் இல்லாத ஓர் இரும்புத் துண்டை ஒருவர் கொண்டுவந்து வைத்து, 'இதுவும் செபத்தில் பிறந்ததுதான்' என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? பெரும்பாலும் அவரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோம்.

அப்படி வாசல்வரை வந்த ஒருவர், அந்த வாசலுக்கே கதவு செய்து தந்த கதை இது. எடுவார்டோ சில்லிடா 1924 சனவரி 10ஆம் நாள் ஸ்பெயினின் வடகடற்கரையில் உள்ள சான் செபாஸ்டியான் நகரில் பிறந்தவர். 2002 ஆகஸ்டு 19ஆம் நாள் அதே நகரில் இறந்தவர். 2024இல் அவருடைய பிறப்பின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இரும்பையும் எஃகையும் கொண்டு அரூபச் சிற்பம் செய்தவர்களின் முதல் வரிசையில் அவரை வைப்பதில் கலை உலகில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. அவர் கத்தோலிக்கர் என்பதையும், நம்பிக்கையை மறைக்காமல் வாழ்ந்தவர் என்பதையும்தான் பலர் அடிக்குறிப்புப் போலச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அந்த அடிக்குறிப்பே அவருடைய சிற்பங்களுக்குள் நுழையும் வழி என்பது என் எண்ணம்.

அவர் பிறந்த பாஸ்கு நாடு நமக்கு முற்றிலும் அன்னியமானதன்று. லொயோலா மாளிகையில் பிறந்த இஞ்ஞாசியார் அந்த மண்ணின் மகன். நவார் நாட்டின் கோட்டையொன்றில் பிறந்து, 1542இல் முத்துக்குளித்துறையின் மணலில் நடந்த சவேரியாரின் தாய்மொழியும் பாஸ்கு மொழியே. மலையில் இரும்புத்தாது, காட்டில் கரி, துருத்தியையும் சம்மட்டியையும் இயக்க ஓடைநீர் என்று மூன்றும் ஓரிடத்தில் வாய்த்ததால் அங்கே நூற்றாண்டுகளாக உலைக்களங்கள் எரிந்தன. கலைஞனுக்கு இரும்பு அங்கே புதுமைப் பொருளாக வரவில்லை. ஏர்க்கொழுவாகவும் நங்கூரமாகவும் கதவுக் கீலாகவும் வீட்டுக்கு வீடு இருந்தது.

சில்லிடா நேராக உலைக்களத்துக்கு வந்துவிடவில்லை. இளமையில் அவர் காற்பந்து வீரர். 1942-43இல் ரியால் சொசியெதாத் குழுவின் கோல்கீப்பராக விளையாடினார். முழங்காலில் பட்ட காயமும் அடுத்தடுத்த அறுவை சிகிச்சைகளும் அந்த வாழ்க்கையைப் பத்தொன்பது வயதில் முடித்துவைத்தன. பிற்காலத்தில் அவர், ஆடுகளம் முழுவதிலும் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அளவுகளும் உயிரோடு இயங்கும் இடம் கோல் வாயில் மட்டுமே என்றும், வெளியையும் காலத்தையும் ஒரே கணத்தில் கணிக்கத் தாம் அங்கேதான் கற்றதாகவும் சொல்வதுண்டு. புகழ்பெற்ற பிறகு சொல்லப்படும் இத்தகைய நினைவுகளைச் சற்றுக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் இரண்டு கம்பங்களுக்கும் ஒரு குறுக்குக் கட்டைக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைக் காப்பதுதானே கோல்கீப்பரின் வேலை! அவருடைய சிற்பங்களைப் பார்த்த பிறகு இந்த நினைவை வெறும் வேடிக்கை என்று தள்ள முடிவதில்லை.

பிறகு மத்ரீதில் கட்டடக்கலை படித்தார், முடிக்காமல் விட்டார். ஓவிய வகுப்பில் உருவம் வரையும்போது தம் வலக்கை மிக எளிதாக, மிக அழகாக வரைவதைக் கண்டு அவருக்கு அச்சம் வந்தது. சிந்தனையும் உணர்வும் வந்து சேருமுன் கை வேலையை முடித்துவிடுகிறதே என்று இடக்கைக்கு மாறினார். கைத்திறனை ஒரு சோதனையாகக் கண்டு அதிலிருந்து விலகிய கலைஞர்கள் மிகச் சிலரே. இதை நான் ஒரு தவமுயற்சியாகவே பார்க்கிறேன். நோன்பு என்பது உணவில் மட்டுமா இருக்கிறது?

1948இல் பாரிஸ் சென்றார். லூவர் அருங்காட்சியகத்தில் இருந்த பழங்கிரேக்கச் சிற்பங்கள் அவரை ஆட்கொண்டன. அந்தச் சாயலில் பிளாஸ்டரில் மனித உடல்கள் செய்தார். அடுத்த ஆண்டே அவை பாரிஸின் கண்காட்சியில் வைக்கப்பட்டன. எவருக்கும் போதுமான தொடக்கம் அது. ஆனால் அவர் உள்ளுக்குள் வறண்டுபோனார். மத்தியதரைக் கடலின் வெண்ணிற ஒளி தமக்குரியதன்று, தாம் அட்லாண்டிக் கரையின் கருத்த ஒளியைச் சேர்ந்தவர் என்பது அவருக்குப் புலப்பட்டது. 1951இல், முந்தின ஆண்டு மணந்த மனைவி பிலாருடன் ஊர் திரும்பினார். சான் செபாஸ்டியானுக்கு அருகில் எர்னானி என்னும் சிற்றூரில் ஒரு கொல்லரின் உலைக்களத்தில் நின்று இரும்பு அடிக்கக் கற்றார். அந்த ஆண்டு பிறந்த முதல் இரும்புச் சிற்பத்தின் பெயர் 'இலாரிக்'. கல்லறைமேல் நிறுத்தும் நடுகல்லைக் குறிக்கும் பாஸ்குச் சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. அத்துடன் மனித உருவம் அவருடைய சிற்பத்திலிருந்து விடைபெற்றது.

இங்கே வேலைமுறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் அவர் கலையின் பொருள் அதில்தான் இருக்கிறது. வெண்கலச் சிற்பி மெழுகிலோ களிமண்ணிலோ உருவத்தை முடித்துவிட்டு, உலோகத்தை அச்சில் ஊற்றுகிறார். உலோகம் அங்கே கீழ்ப்படிகிறது. வேண்டுமானால் ஐந்து படிகளும் எடுக்கலாம். சில்லிடா அந்த வழியை விரும்பவில்லை. கனத்த இரும்புச் சட்டத்தை உலையில் செம்மஞ்சள் நிறமாகும்வரை காய்ச்சிப் பட்டடைமேல் வைத்து அடித்தார். சட்டத்தை நுனியிலிருந்து பிளந்தார். பிளந்த கிளைகளை வளைத்தார். இரும்பு சூடாக இருக்கும் சில நிமிடங்கள்தாம் கலைஞனுக்குரியவை. நிறம் மங்கியதும் அது மறுத்துவிடும். மறுபடி உலைக்குப் போக வேண்டும். வரைபடம் போட்டு வைத்துக்கொண்டு அதன்படி செய்யும் வழக்கமும் அவருக்கு இல்லை. செய்யப்போவதன் வாசனை மட்டுமே முன்கூட்டித் தமக்கு எட்டுகிறது, அதைத் தொடர்ந்து போகிறேன் என்பது அவர் விளக்கம். அதனால் ஒவ்வொரு சிற்பமும் ஒரே ஒரு படிதான். இரண்டாவது கிடையாது.

பிளந்த அந்தக் கிளைகள் எதைச் செய்கின்றன? பறவை, மரம், கை என்று எதையும் அவை காட்டுவதில்லை. ஒன்றையொன்று நோக்கி வளைந்து வந்து, தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிடுகின்றன. தொடாமல் விட்ட அந்த இடம், ஒரு கையளவு காற்று, சிற்பத்தின் நடுவாகிவிடுகிறது. கண் இரும்பில் தொடங்கி அந்த இடத்தில் போய்த் தங்குகிறது. 1955இல் செய்த ஒரு சிற்பத்துக்கு 'மோன இசை' என்று பெயரிட்டார். புனித சிலுவை அருளப்பரின் சொல்லாட்சி அது. 'வெற்றிடத்தைச் சுற்றி' என்று ஒரு வரிசை. 'எல்லைகளின் முணுமுணுப்பு' என்று மற்றொன்று. தலைப்புகளை மட்டும் அடுக்கிப் படித்தாலே ஒரு தியானியின் நாட்குறிப்புப் போல இருக்கும். மெய்யியலாளர்களும் அவரிடம் வந்தார்கள். 1956இல் காஸ்தோன் பாஷ்லார் அவர் இரும்பைப் பற்றி எழுதினார். 1969இல் மார்ட்டின் ஹைடெக்கர் 'கலையும் வெளியும்' என்ற சிறு நூலைச் சில்லிடாவின் படைப்புகளோடு சேர்த்து வெளியிட்டார். இடையில் 1958இல், முப்பத்து நான்காம் வயதில், வெனிஸ் கண்காட்சியின் சிற்பத்துக்கான பெரும்பரிசும் கிடைத்தது. விருதுப் பட்டியல் இதற்குமேலும் நீளும். அது நம் பொருளுக்குத் தேவையில்லை.

மெய்யியலாளர்கள் எழுதியதில் நான் காணாத ஒன்றை விவிலியத்தில் காண்கிறேன். உருவங்களைச் செய்யாதே என்று தடுத்த இறைவன், உடன்படிக்கைப் பேழைக்காக ஒரு சிற்ப வேலையைத் தாமே விவரித்துக் கட்டளையிடுகிறார். இரக்கத்தின் இருக்கையின் இருமுனைகளிலும் பொன்னை அடித்துச் செய்த இரண்டு கெருபுகள். அவற்றின் இறக்கைகள் விரிந்திருக்கின்றன. முகங்கள் ஒன்றையொன்று நோக்குகின்றன. அங்கே மோசேயோடு பேசுவதாக இறைவன் வாக்களிப்பது கெருபுகளின் வாயிலிருந்து அன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள வெறும் இடத்திலிருந்து பேசுவதாகச் சொல்கிறார். அடித்துச் செய்த உலோகம், இரண்டு முனைகள், நடுவே ஒன்றுமில்லாத ஓரிடம், அந்த இடத்தில் குரல். விடுதலைப் பயண நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தைப் படித்துவிட்டுச் சில்லிடாவின் இரும்பைப் பாருங்கள். அவர் இந்தப் பகுதியை மனத்தில் வைத்துச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் முகமில்லாத உலோகம் வழிபாட்டுக்கு அன்னியம் என்று சொல்லுமுன் நாம் அந்த அதிகாரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிலைச் சொல்லவேண்டிய கட்டாயம் திருச்சபைக்கு அரான்சாசுவில் வந்தது. பாஸ்கு மலைகளுக்கு நடுவே பிரான்சிஸ்கன் துறவிகளின் பொறுப்பில் உள்ள மாதா திருத்தலம் அது. 1469இல் முட்புதர் ஒன்றின்மேல் மாதாவின் சிறு சுரூபத்தை ஓர் இடையர் கண்டெடுத்தார் என்பதும், 'முட்களின் நடுவிலா நீர்?' என்று அவர் வியந்து கேட்டதே இடத்தின் பெயராயிற்று என்பதும் மரபு. மனம் மாறிய இஞ்ஞாசியார் 1522இல் மொன்செராத்துக்குப் போகும் வழியில் இங்கே இரவு விழித்திருந்து செபித்தார். அந்தத் தலத்தில் புதிய பேராலயம் கட்ட 1950இல் துறவிகள் முனைந்தபோது, துணிந்து இளைஞர்களையும் புதுமையாளர்களையும் அழைத்தார்கள். கட்டட வரைவு சாயன்ஸ் தெ ஓய்சா, லூயிஸ் லாவோர்கா இருவருடையது. முகப்புச் சிற்பங்கள் ஜார்ஜ் ஓதேய்சாவின் பொறுப்பு. கதவுகள் சில்லிடாவுக்கு.

முட்களை நினைவூட்டும்படி கூர்முனையாகச் செதுக்கிய கற்களால் கோபுரங்கள் எழுந்தன. முகப்பில் வைக்க ஓதேய்சா திருத்தூதர்களைச் செதுக்கினார். உடலின் உட்பகுதி குடையப்பட்ட, தம்மை முழுதும் கொடுத்து வெறுமையான திருத்தூதர்கள். பன்னிருவர் அல்லர், பதினால்வர். எதிர்ப்பு எழுந்தது. 1955இல் உரோமையின் திருச்சபைக் கலை ஆணையம், கலைஞர்கள் புதுமை மோகத்தால் வழிதவறிவிட்டார்கள் என்று கருதி வேலைகளை நிறுத்திவைத்தது. பதினான்கு திருத்தூதர்களும் மலைச்சாலை ஓரத்தில் ஆண்டுக்கணக்கில் மழையில் கிடந்தார்கள். திருச்சபையை நேசிப்பவன் என்ற முறையில் இந்த வரியை எழுத எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த ஆணையத்தில் இருந்தவர்களைக் கலை தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்வதும் சரியன்று. பாமர மக்களின் செபம் குலைந்துவிடுமோ என்ற அச்சம் உண்மையான அச்சமே. மேய்ப்பர்களுக்கு அது இருக்கத்தான் வேண்டும். அவர்கள் பிழைத்தது, மக்களால் எதைத் தாங்க முடியும் என்று மக்களைக் கேளாமலே கணக்கிட்டதில்.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதென்று கொண்டதில்லை என்றும், இக்காலக் கலைக்கும் வழிபாட்டுக்கேற்ற மதிப்போடு இடமுண்டு என்றும் தெளிவாக்கியது. அடுத்த ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் சிஸ்தின் சிற்றாலயத்தில் கலைஞர்களைச் சந்தித்து, அவர்களைத் திருச்சபை வருத்திய தருணங்களுக்காக மனம் வருந்திப் பேசினார். 1969இல் திருத்தூதர்கள் சாலையிலிருந்து எழுந்து முகப்பில் தங்கள் இடத்துக்குப் போனார்கள்.

இத்தனை ஆண்டுகளும் சில்லிடாவின் கதவுகள் அங்கேயே இருந்தன. 1954இல் அவர் செய்து முடித்த அந்த இரும்புக் கதவுகளில் புனிதர் எவரும் இல்லை; சிலுவைப் பாதை இல்லை; திராட்சைக் கொடிகூட இல்லை. இரும்புத் தகடுகளின்மேல் தாழ்ந்த புடைப்பாகச் சில வடிவங்கள் மட்டும். வழக்கமாகப் பேராலயத்துக்குப் படியேறிப் போவோம். அரான்சாசுவில் படியிறங்கி இந்தக் கதவை அடைய வேண்டும். தலைக்குமேல் கல் முட்கள், எதிரே துரு நிறத்தில் ஓர் இரும்புச் சுவர், அது திறக்கிறது. கதவு செய்ய வந்தவர் கதவை மட்டுமே செய்திருக்கிறார். படம் காட்டி நம்மை வாசலிலேயே நிறுத்திவைக்கவில்லை, உள்ளே அனுப்புகிறார். பல ஆலயக் கதவுகள் தம்மையே பார்க்கச் சொல்லுகின்றன. இது ஒதுங்கி நிற்கத் தெரிந்த கதவு. அவருடைய கலை முழுவதையும் ஒரே ஒரு படைப்பைக்கொண்டு விளக்கச் சொன்னால் வெனிஸில் பரிசு பெற்றவற்றை விட்டு இதையே காட்டுவேன்.

அரான்சாசுவில் ஒன்றாக உழைத்த ஓதேய்சாவும் சில்லிடாவும் பின்னர்ப் பிரிந்தார்கள். தம் கருத்துகளைச் சில்லிடா எடுத்துக்கொண்டார் என்று மூத்தவரான ஓதேய்சா அச்சிலேயே குற்றம் சாட்டினார். வெற்றிடத்தைப் பற்றிய சிந்தனையில் முந்தியவர் யார் என்ற வழக்கு இன்றும் சிலரால் நடத்தப்படுகிறது. இருவருடைய வெற்றிடமும் ஒன்றன்று என்றே எனக்குப் படுகிறது. ஓதேய்சா பொருளிலிருந்து எடுத்து எடுத்து வெறுமைக்குப் போகிறார். அதில் ஒரு துறவியின் கடுமை இருக்கிறது. சில்லிடா வெறுமையைச் சுற்றி இரும்பை வளைக்கிறார். அதில் விளக்கைக் காற்றிலிருந்து மறைக்கும் கையின் பரிவு இருக்கிறது. 1997இல் முதியவர்கள் இருவரும் கட்டித் தழுவி ஒப்புரவானார்கள். அந்தத் தழுவலின் நிழற்படம் பாஸ்கு மக்களுக்கு இரண்டு கலைஞர்களின் சமாதானத்தைவிடப் பெரிய செய்தியாக இருந்தது.

சான் செபாஸ்டியானின் ஒண்டாரெட்டா கடற்கரை முடியும் இடத்தில் மலை கடலுக்குள் இறங்குகிறது. சிறுவயதில் சில்லிடா அலைகளைப் பார்க்கப் போய் நின்ற இடம் அது. 1952இலேயே 'காற்றின் சீப்பு' என்று ஒரு சிறு இரும்புச் சிற்பம் செய்தார். பிறகு அதே பெயரில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டே போனார். பதினைந்தாவது, 1977இல், அந்தப் பாறைகளுக்கே போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 10 டன் எடையுள்ள மூன்று எஃகு உருவங்கள். கடலின்மேல் தற்காலிகப் பாலம் அமைத்து, தண்டவாளத்தில் நகர்த்தி, பாறையில் ஊன்றினார்கள். பார்வையாளர் நிற்கும் கருங்கல் மேடையைக் கட்டட வல்லுநர் பெஞ்ஞா காஞ்செகி வகுத்தார். மேடையில் துளைகள் உண்டு. கீழே குகையில் அலை மோதும்போது காற்றும் நீர்த்திவலையும் பெருமூச்சோடு மேலே பீறிடும்.

இந்தப் படைப்பை நான் நிழற்படங்களில் மட்டுமே கண்டவன். அவற்றில் காற்றும் இல்லை, ஓசையும் இல்லை. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அருகருகே உள்ள இரண்டு பாறைகளிலும் உள்ளவை ஒன்றையொன்று நோக்கிக் கை நீட்டுகின்றன; மூன்றாவது தொலைவில், அலைகளின் நடுவே தனிப்பாறையில், வானத்தை நோக்கி நிற்கிறது. அங்கே எவரும் போய்த் தொட முடியாது. முதலிரண்டையும் இறந்த காலமென்றும் மூன்றாவதை வரப்போகும் காலமென்றும் அவரே விளக்கியதுண்டு. எனக்கு அந்த விளக்கம்கூட வேண்டியதில்லை. எஃகு விரல்களுக்கிடையே காற்று சீவப்பட்டுப் போகிறது. ஓரேபு மலைக் குகைவாயிலில் எலியா முகத்தை மூடிக்கொண்டு நின்ற காட்சியை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். சூறாவளியும் நிலநடுக்கமும் தீயும் கடந்துபோன பிறகு எதற்காக அவர் வெளியே வந்தார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

பிற்காலத்தில் அவர் கல், வெண்பளிங்கு, காங்கிரீட் என்று பலவற்றுக்கும் போனார். நூலால் கட்டித் தொங்கவிட்ட காகிதங்களும் செய்தார். பசை தடவி ஒட்டினால் இரு தாள்களுக்கிடையே உள்ள வெளி செத்துவிடுமே என்பது அவர் கவலை. கொலோன் நகரில் இயேசு சபையாரின் புனித பேதுரு ஆலயத்துக்கு 2000இல் மூன்று பகுதிகளாக நிற்கும் கல் பீடம் ஒன்றைத் தந்தார். 1937 ஏப்ரல் 26இல் குண்டுவீச்சில் எரிந்த கெர்னிக்கா நகரில் 1988இல் 'நம் தந்தையின் இல்லம்' எழுந்தது. பாஸ்கு மக்கள் ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தொடங்கும் அதே இரண்டு சொற்கள் அந்தத் தலைப்பில் இருக்கின்றன. ஹிஹோன் நகரின் குன்றில் 1990இல் நின்ற 'தொடுவானின் புகழ்ச்சி'யை ஊரார் முதலில் கேலிப் பெயர் வைத்துச் சிரித்தார்கள். உள்ளே போய் நின்றவர்கள், கண்ணுக்கெட்டாக் கீழே மோதும் கடல் காதருகே முழங்குவதைக் கேட்டு மௌனமானார்கள். இன்று அந்த நகரின் அடையாளம் அதுதான். பெர்லினில் அரசுத் தலைமை அலுவலகத்தின் முன்னுள்ள பெரிய எஃகுச் சிற்பத்தைப் பற்றி எனக்கு அத்தனை உற்சாகமில்லை. பிரிந்த இரு ஜெர்மனிகளும் கைகோப்பது என்று உடனே பொருள் சொல்லிவிட முடிகிறது. பொருள் அவ்வளவு விரைவில் கைக்கு வந்துவிடும்போது சில்லிடாவின் இரும்பு சற்று இளைத்துத்தான் போகிறது.

இனி, நெருடும் இடத்துக்கு வர வேண்டும். கனாரித் தீவுகளில் ஒன்றான புவெர்த்தெவெந்தூராவில் திந்தாயா என்றொரு மலை உண்டு. ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். 1990களில் சில்லிடா அந்த மலையின் வயிற்றில், பக்கத்துக்கு 50 மீட்டராக ஒரு மாபெரும் கனசதுர வெற்றிடத்தைக் குடைய விரும்பினார். மேலிருந்து இரண்டு செங்குத்து வழிகளில் ஒன்று கதிரவன் ஒளியையும் மற்றொன்று நிலவொளியையும் கொண்டுவரும். கிடையான நுழைவாயில் வழியே தொடுவானம் தெரியும். எல்லா நாட்டு, எல்லா நிறத்து மனிதரும் உள்ளே போய் நின்று தாம் எவ்வளவு சிறியவர் என்றும், எல்லாரும் உடன்பிறந்தவர் என்றும் உணர வேண்டும் என்பது அவர் கனவு. கேட்கும்போதே மெய்சிலிர்க்கிறது. வாழ்நாளெல்லாம் கையளவு காற்றைக் காத்தவர், கடைசியில் ஒரு பேராலயத்தளவு காற்றைக் கேட்டார்.

ஆனால் திந்தாயா வெறும் மலையன்று. ஸ்பானியர் வருமுன் அத்தீவில் வாழ்ந்த பழங்குடிகள் அதன் உச்சிப் பாறைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட பாதச் சுவடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது புனித மலை. சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் தொல்பொருள் அறிஞர்களும் எதிர்த்தார்கள். திட்டத்தைச் சுற்றிப் புழங்கிய பொதுப்பணம் பற்றியும் வழக்குகள் எழுந்தன. அவற்றில் சிற்பிக்குப் பங்கில்லை. அவர் 2002இல் இறக்கும்வரை மலை குடையப்படவில்லை. அதன்பின்னும் இல்லை.

அவருடைய ஆதரவாளர்கள், கல் வெட்டியெடுப்போர் ஏற்கெனவே அந்த மலையைக் காயப்படுத்திக்கொண்டிருந்தனர், கலைஞர் அதை மீட்கவே பார்த்தார் என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. அவர் நோக்கத்தின் தூய்மையையும் நான் ஐயுறவில்லை. எனினும் அவர் இரும்பில் நமக்குக் கற்பித்த அளவுகோலையே எடுத்து இதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். இரும்பு காற்றைச் சூழ்ந்து நிற்கும்போது காற்றுக்கு ஒன்றும் நேர்வதில்லை. அது முன்பே அங்கே இருந்தது, நாம் கவனிக்கவில்லை, அவ்வளவே. திந்தாயாவில் வெற்றிடம் முன்பே இருந்ததன்று. பிறர் காலணி கழற்றி நின்ற ஓர் இடத்தின் உள்ளே வெடிவைத்து உண்டாக்கப்பட வேண்டியது. மானிட உடன்பிறப்புக்கு எழுப்பும் நினைவிடத்துக்காக, மறைந்துபோன ஒரு மக்களின் கால்தடங்களை நடுங்கவைக்கலாமா? தம் ஆலயத்தைக் கட்டுவதற்காகப் பிறருடைய புனித இடங்களை இடித்த வரலாறு நம் சமயத்துக்கும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்கும்போது கத்தோலிக்கனாகிய எனக்குக் குரல் உயருவதில்லை.

இதே மனிதர் வேறோர் இடத்தைக் காலி செய்ததையும் சொல்லியாக வேண்டும். எர்னானிக்கு அருகே சபலாகா என்ற பதினாறாம் நூற்றாண்டுப் பண்ணைவீடு இடிந்து சரியும் நிலையில் கிடந்தது. 1980களில் அவரும் பிலாரும் அதை நிலத்தோடு வாங்கி, ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்தார்கள். இன்ன திட்டம் என்று வைத்துக்கொள்ளாமல், வீட்டைக் கேட்டுக் கேட்டு வேலை செய்தார். நடுத்தளங்களையும் உட்சுவர்களையும் எடுத்துவிட்டு, பழைய ஓக் மர உத்திரங்களையும் தூண்களையும் கல் சுவர்களையும் இருந்தபடியே நிறுத்தினார். உள்ளே நுழைந்தால் தரையிலிருந்து கூரைவரை ஒரே வெளி. அதைத் தாங்கிக்கொண்டு ஐந்நூறு ஆண்டு மரம். வெளியே புல்வெளியில் எஃகுச் சிற்பங்கள் மழையில் துருவேறிக்கொண்டிருக்கின்றன. கோர்ட்டன் என்னும் அந்த வகை எஃகில் மேற்புறத்துத் துருவே உள்ளிருக்கும் உலோகத்துக்குப் போர்வையாகிவிடும். 2000இல் 'சில்லிடா லெக்கு', அதாவது சில்லிடாவின் இடம், என்ற பெயரில் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த வளாகம் 2011இல் பணமில்லாமல் மூடப்பட்டு, 2019இல் மறுபடி திறந்தது. அங்கே ஒரு மக்னோலியா மரத்தடியில் அவருடைய சாம்பல் இருக்கிறது. 2015இல் பிலாரும் அங்கே வந்து சேர்ந்தார்.